பழைய எழுத்துகளிலிருந்து ஆற்று வெள்ளத்தை மீட்டெடுப்பது: தாமிரபரணியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

"இதுவரை யாரும் காணாத வெள்ளம்" என்று ஒவ்வொரு தலைமுறையும் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியால் நமக்குப் பயன் எதுவும் இல்லை. "தண்ணீர் மண்டபத்தின் மூன்றாம் படியைத் தொட்டது" என்று ஒரு கணக்குப்பிள்ளை போகிற போக்கில் எழுதிய வரி கிடைத்து, அந்த மண்டபமும் இன்று நின்றுகொண்டிருந்தால், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தின் உயரத்தை மீட்டரில் சொல்லிவிடலாம். தேட வேண்டியது தண்ணீர் எதைத் தொட்டது என்பதைத்தான்.

கீழே வரும் முறை எந்த ஆற்றுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுக்குத் தாமிரபரணி: அணைக்கட்டு, பாலம், படித்துறை, கோயில் என்று நிலையான அடையாளங்கள் நிறைய, ஆண்டைக் குறிக்கும் முறைகளும் நான்கைந்து. இரண்டையும் பழக வேறு நல்ல ஆறு தேட வேண்டாம்.

1. முதலில் இடத்தைப் பிடியுங்கள்

ஆறு முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு போதும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: கரை இடம் மாறாமல் இருப்பது, காலம் தெரிந்த கட்டடம் குறைந்தது ஒன்று, பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள் தொடர்ந்து குடியிருந்த ஊர்.

திருநெல்வேலியில் இது அமைகிறது. 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. 1869 வெள்ளத்தில் சேதப்பட்டு 1871-ல் சரிசெய்த பாலம் அது. சற்று மேலே ஆற்றுக்குள்ளேயே குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் மோதும் பக்கத்தைப் படகின் முனைபோல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். வெள்ள ஆய்வுக்கு இதைவிட நல்ல அளவுகோல் அமையாது. "சாமி மேலக்கோயிலுக்கு எழுந்தருளினார்" என்று கோயில் கணக்கில் ஒரு வரி இருந்தால், அன்று தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டப்போகிறது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது என்று பொருள்.

மணல் அள்ளி ஆழமான துண்டு, பிற்காலத்தில் கரை உயர்த்திய துண்டு இரண்டையும் தவிர்க்கப் பாருங்கள். முடியாவிட்டால் எந்த ஆண்டில் என்ன மாறியது என்று தனிப்பட்டியல் வையுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் கடைசிக் கணக்கு நிற்காது.

2. எங்கே தேடுவது, எதை எவ்வளவு நம்புவது

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள், பொதுப்பணித் துறை ஆணைகள், கலெக்டர் கடிதங்கள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே வெள்ளத்தை மூன்று கண்ணால் பார்ப்பவை. பொறியாளருக்கு எத்தனை அடி, எத்தனை கெஜம் உடைப்பு என்பது கவலை. கலெக்டருக்கு எவ்வளவு வஜா (வரித் தள்ளுபடி) கொடுப்பது என்பது கவலை. ஊருக்கு எத்தனை வீடு போனது, எத்தனை கோட்டை (பழைய முகத்தல் அளவு) நெல் போனது என்பது கவலை.

மிஷன் பாதிரிமாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் திருநெல்வேலிச் சீமைக்கு நிறைய உண்டு. நாளைச் சரியாகக் குறிப்பார்கள். உயரத்தைப் பெரும்பாலும் குறிக்க மாட்டார்கள். பத்திரிகைகளில் இந்து 1878-லும் சுதேசமித்திரன் 1882-லும் தொடங்கியவை. அதற்கு முந்தைய வெள்ளங்களுக்கு இந்த வழி கிடையாது. பத்திரிகைச் செய்தியில் "நேற்று" என்பது தந்தி அடித்த நாளுக்கு முந்தின நாளா, அச்சான நாளுக்கு முந்தின நாளா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மாவட்டத்தைப் பற்றி அரசு தொகுத்து அச்சிட்ட மேனுவல், கெசட்டியர் இரண்டும் வழிகாட்டிக் கம்பம் மட்டுமே. எந்த ஆண்டைத் தேடலாம் என்று காட்டும், சாட்சியாக நிற்காது. எழுதியவர் அந்த வெள்ளத்தைப் பார்த்தவர் அல்ல. ஒரு கெசட்டியரில் பிழையாக விழுந்த ஆண்டை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுத, நாலு புத்தகத்தில் இருப்பதால் உண்மை என்ற தோற்றம் வந்துவிடும். நாலும் ஒரே சாட்சிதான். யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று ஒரு வம்சாவளி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு தரம் கொடுங்கள். வெள்ளத்தைக் கண்ணால் பார்த்து, சில நாளுக்குள் எழுதியது முதல் தரம். அதே ஆண்டில், கேட்டு எழுதியது இரண்டாம் தரம். பின்னாளில் தொகுத்தது மூன்றாம் தரம். மூன்றாம் தரக் குறிப்பு மட்டுமே உள்ள வெள்ளத்தைப் பட்டியலில் சேர்க்கலாம், கணக்கில் சேர்க்கக் கூடாது.

3. படி எடுப்பது

ஒரு குறிப்புக்கு ஒரு அட்டை. அட்டையில் மேலே மூல வரி எழுத்து மாறாமல். பிழையோடு, புள்ளி இல்லாமல் இருந்தால் அப்படியே. அதற்குக் கீழே உங்கள் வாசிப்பு. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எது மூலம், எது ஊகம் என்று பிரிக்கவே முடியாது. மாதிரிக்கு நாமே எழுதிய ஒரு வரி:

"௲௨௱௭௰௯ பசலி கார்த்திகை ௴ ௮ ௳ ராத்திரி ஆறு பெருகி மண்டபத்து மேல்தளம் மட்டும் ஏறி கீழத்தெருவில் வீடு ௰௨ இடிந்துபோச்சுது."

பழக்கமில்லாதவர் தடுக்கி விழும் இடங்கள் இந்த ஒரு வரியில் நிறைய. ௲௨௱௭௰௯ என்பது 1279. பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு. ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருஷம். கையெழுத்தில் ௳ பெரும்பாலும் "உ" மாதிரி இருக்கும். 2 என்ற எண்ணும் (௨) அப்படித்தான். "௮ ௳" என்பதை 82 என்று படித்துவிட்டு ஏடு பிழை என்று ஒதுக்குவது முதல் விபத்து. க-வும் ச-வும், அதாவது ௧-உம் ௪-உம், வேகமாக எழுதினால் ஒன்றுபோல் வரும். 1-ஆம் தேதியா 4-ஆம் தேதியா என்பதை அதே கை எழுதிய வேறு பக்கத்தில் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ௰௨ என்பது 12, 102 அல்ல. "மட்டும்" என்ற சொல் இங்கே "வரை" என்ற பொருளில் வருகிறது. இன்றைய பொருளில் எடுத்தால் தண்ணீர் மேல்தளத்தில் மட்டும் ஏறிய அதிசயம் நடந்துவிடும்.

அட்டையின் மீதிப் பகுதியில்: ஆவணத்தின் எண்ணும் பக்கமும், எழுதியவரின் வேலை, எழுதிய நாள், வெள்ளத்தின் நாள் (இரண்டும் வேறு), தண்ணீர் தொட்ட பொருள், சேதம், மழை பற்றிய சொல், எவ்வளவு நேரம் நின்றது. கோப்பின் மேலே இருப்பது ஆணை பிறந்த தேதி. வெள்ளம் அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முந்தியது.

4. நாளைப் பிடிப்பது

ஒரே வெள்ளம் இரண்டு வெள்ளமாகப் பிறப்பது இங்கேதான். மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

பசலி: பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு. 1279 பசலி 1869 ஜூலை 1-ல் தொடங்கி 1870 ஜூன் 30-ல் முடிகிறது. எனவே 1279 பசலியில் கார்த்திகை என்றால் 1869, மாசி என்றால் 1870. சென்னை மாகாணத்தில் ஜூலை 1 என்ற வரையறை 1855-ல் வந்தது. அதற்கு முன் ஜூலை நடுவில் தொடங்கியது. 1855-க்கு முந்தைய ஜூலை வெள்ளம் என்றால் எந்தப் பசலி என்பதை இரண்டு முறை பாருங்கள்.

கொல்லம் ஆண்டு (கேரளத்து ஆண்டுக்கணக்கு): திருநெல்வேலிப் பக்கம் ஆவணி 1-ல் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825-ஐ. கேரளத்தில் "99-ஆம் ஆண்டு வெள்ளம்" என்று இன்றும் சொல்வது கொல்லம் 1099 கர்க்கடகம் (நம் ஆடி). அதாவது 1924 ஜூலை. அதே மாதம் காவிரியிலும் பெருவெள்ளம். தமிழ்நாட்டு ஏட்டில் அது ரக்தாட்சி வருஷம் ஆடி, 1334 பசலி. மூன்று எண், ஒரே பருவமழை. இவற்றை மூன்று வெள்ளமாகப் பட்டியலிட ஒரு மதியம் தூங்கி எழுந்தால் போதும்.

அறுபது வருஷச் சுற்று: "ரக்தாட்சி" என்று மட்டும் இருந்தால் 1864, 1924, 1984 மூன்றும் பொருந்தும். தப்பிக்கும் வழி கிழமை. அறுபது சௌர (சூரிய) ஆண்டு என்பது 21,915 அல்லது 21,916 நாள். ஏழால் வகுத்தால் ஐந்தோ ஆறோ மிஞ்சும். ஆகவே ஒரே தமிழ்த் தேதி அடுத்த சுற்றில் அதே கிழமையில் வரவே வராது. ஏட்டில் கிழமை இருந்தால் சுற்று எது என்று தெரிந்துவிடும். நட்சத்திரமும் திதியும் கூட இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. 1799 வரையான நாட்களுக்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் இந்திய எபிமெரிஸ் (பஞ்சாங்க) அட்டவணைகள் கைகொடுக்கும், அவை கி.பி. 700-இலிருந்து தொடங்குகின்றன.

இன்றைய காலண்டரை வைத்துப் பழைய தமிழ் மாதத்தை மாற்றாதீர்கள். இன்று சித்திரை 1 ஏப்ரல் 14. 1850-களில் அது ஏப்ரல் 11 அல்லது 12. இந்த இரண்டு மூன்று நாள் வித்தியாசம் வெள்ளத்தில் பெரிது: மேலே பாபநாசத்தில் ஏறியதும் கீழே ஸ்ரீவைகுண்டத்தில் ஏறியதும் ஒரே அலையா, அடுத்தடுத்த இரண்டு அலையா என்பதை அந்த நாட்கள்தான் தீர்மானிக்கும்.

ஐரோப்பியர் எழுதியவற்றில் இன்னொரு பொறி. ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள். அவர்கள் தேதியோடு 17-ஆம் நூற்றாண்டுக்கு 10 நாளும், 1700-க்குப் பின் 11 நாளும் கூட்ட வேண்டும். அவர்கள் ஆண்டும் மார்ச் 25-ல்தான் பிறந்தது. "1720 ஜனவரி" என்பது நமக்கு 1721. பிரெஞ்சுக்காரர்களும் தூத்துக்குடியில் இருந்த டச்சுக்காரர்களும் முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டவர்கள். டேனியர்கள் 1700-ல் மாறினார்கள். 1706-ல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷன் குறிப்புகளுக்குத் திருத்தம் வேண்டாம்.

5. சொல்லைத் தரமாக மாற்றுவது

ஐரோப்பிய வெள்ள வரலாற்று ஆய்வில் மூன்று படி வைத்துத் தரம் பிரிப்பது வழக்கம். அதையே உள்ளூர் அடையாளத்தோடு கட்டிக்கொள்ளலாம். முன்பு சொன்னது குறிப்பின் தரம், இது வெள்ளத்தின் தரம்; எண் ஏற ஏற வெள்ளம் பெரிது. படித்துறை மூழ்கியது, பரிசல் நின்றது என்றால் தரம் 1. குறுக்குத்துறைக் கோயில் மூழ்கியது, ஓரிடத்தில் கரை உடைந்தது, கரையோர வாழைத்தோட்டம் போனது என்றால் தரம் 2. தெருவுக்குள் தண்ணீர், பாலத்துக்குச் சேதம், வயலில் மணல் மூடியது, பல ஊர்களில் ஒரே நாளில் என்றால் தரம் 3.

பெயரடைகளுக்கு மதிப்பெண் பூஜ்யம். "பிரளயம்போல" என்று எழுதியவர் ஆண்டுக்கு ஒரு முறை அப்படி எழுதுகிறவராக இருக்கலாம். வஜா கேட்கும் மனுவில் வெள்ளம் எப்போதும் பெரிதாக இருக்கும். அதே மனுவுக்குக் கலெக்டர் எழுதும் பதிலில் சிறுத்துவிடும். உண்மை நடுவில் இருக்கும் என்று சராசரி போடாதீர்கள். கடைசியில் எத்தனை காணி நிலத்துக்கு வஜா மஞ்சூர் (அனுமதி) ஆனது என்ற எண்ணைத் தேடுங்கள். அது பொய் சொல்ல இரண்டு பக்கமும் இடம் கொடுத்திருக்காது.

ஆற்றுவெள்ளத்தையும் குளத்து உடைப்பையும் பிரிப்பது தமிழ்நாட்டில் தனிக்கலை. ஊர் மூழ்கியதற்கு மேலே இருந்த குளம் உடைந்தது காரணமாக இருக்கலாம்; ஆறு பாதிதான் ஓடியிருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டச் சமவெளி அழிந்ததில் அந்த மழைக்கும் உடைந்த குளங்களுக்கும் பெரும்பங்கு. நூறு வருஷம் கழித்து ஏரல் ஊரின் சேதத்தை மட்டும் படிப்பவர், திருநெல்வேலியிலும் ஆறு அதே அளவு ஓடியது என்று கணக்கிட்டால் தவறிவிடுவார். பழைய வெள்ளங்களில் நாம் செய்வதும் அதே தவறாக இருக்கக்கூடும் என்பதால், மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்துச் சாட்சி இல்லாமல் தரம் 3 கொடுக்காதீர்கள்.

6. குறியிலிருந்து உயரத்துக்கு

தண்ணீர் தொட்ட இடத்தை, அதாவது குறியை, நேரில் போய் அளக்க வேண்டும். கையில் வேண்டியவை: ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி), 4 அல்லது 5 மீட்டர் ஸ்டாஃப் (அளவுக்கோல்), ஒரு உதவியாள், சர்வே ஆஃப் இந்தியாவின் ஜி.டி.எஸ். பென்ச்மார்க் (கடல்மட்ட உயரம் தெரிந்த நிலையான கல்) இருக்கும் இடம். பென்ச்மார்க்கிலிருந்து குறிக்கு அளந்துகொண்டே போய், அளந்துகொண்டே திரும்பி வந்து அதே பென்ச்மார்க்கில் மூடுங்கள். மூடும்போது வரும் பிழை, கிலோமீட்டரில் தூரத்தின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 3 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் திரும்ப அளவெடுக்க வேண்டும், சரிக்கட்டக் கூடாது.

ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். (சென்டிமீட்டர் துல்லியம் தரும் செயற்கைக்கோள் கருவி) வைத்து அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கருவி தருவது நீள்வட்டக்கோள உயரம், அதாவது பூமிக்குக் கணிதம் வைத்த வடிவத்திலிருந்து உயரம். தென்தமிழகத்தில் அதற்கும் கடல்மட்ட உயரத்துக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். இந்த வித்தியாசத்தைத் தரும் ஜியாய்டு மாதிரியைச் சரியாகப் போடாவிட்டால் வெள்ளம் கடலுக்கடியில் போய்விடும்.

குறியின் பக்கத்தையும் பாருங்கள். ஓடும் தண்ணீர் ஒரு தூணின் எதிர்முகத்தில் மோதினால் அங்கே மட்டம் எழும்பும்; வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்துக்கு 32 சென்டிமீட்டர் வரை. பக்கச்சுவரில் அல்லது ஒதுக்கான இடத்தில் உள்ள குறியே நிஜ மட்டம். புதுப்பித்த கோயிலில் வெள்ளக் கல்லைப் பெயர்த்து வேறு உயரத்தில் பதித்திருப்பார்கள். சுற்றியுள்ள காரையும் கல்வெட்டு எழுத்தின் வடிவமும் ஒரே காலமா என்று பாருங்கள்.

ஆவணத்தில் "18 அடி" என்று இருந்தால் எதிலிருந்து 18 என்பதுதான் கேள்வி. ஆற்றுப் படுகையிலிருந்தா, அளவுகோலின் பூஜ்யத்திலிருந்தா, அணைக்கட்டின் உச்சியிலிருந்தா? பொதுப்பணித் துறைக் கோப்புகளில் அணைக்கட்டு உச்சிக்கு மேல் எத்தனை அடி என்று எழுதும் வழக்கம் உண்டு. மருதூர், ஸ்ரீவைகுண்டம் போன்ற அணைக்கட்டுகளின் உச்சி இன்றும் அளக்கக் கிடைப்பதால் அந்த எண் தங்கம். உச்சியைப் பின்னால் உயர்த்தினார்களா என்று பழுதுபார்ப்புக் கோப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

7. உயரத்திலிருந்து ஓட்டத்துக்கு

திறந்த வாய்க்காலில் தண்ணீரின் வேகத்தைத் தரும் மானிங் சமன்பாடு போதும். அதில் சொரசொரப்பு எண் என்பது படுகையும் கரையும் தண்ணீரை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு. வேகம் = (1 ÷ சொரசொரப்பு எண்) × நீரியல் ஆரத்தின் மூன்றில் இரண்டு படி × சரிவின் வர்க்கமூலம். வேகத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். நீரியல் ஆரம் என்பது பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்தது.

ஒரு பயிற்சிக் கணக்கு: அகலம் 200 மீட்டர், சராசரி ஆழம் 6 மீட்டர், சரிவு 10,000-க்கு 6, சொரசொரப்பு எண் 0.035. பரப்பு 1,200 சதுர மீட்டர், ஆரம் 5.66 மீட்டர், வேகம் வினாடிக்கு 2.22 மீட்டர். ஓட்டம் வினாடிக்கு 2,670 கனமீட்டர். பழைய கணக்கில் சுமார் 94,000 கன அடி.

இப்போது இதைக் குலைத்துப் பாருங்கள். ஆழம் 5.5 மீட்டர், சொரசொரப்பு 0.040 என்றால் 2,025. ஆழம் 6.5 மீட்டர், சொரசொரப்பு 0.030 என்றால் 3,540. அரை மீட்டர் தயக்கமும் மணலா புதரா என்ற தயக்கமும் சேர்ந்து விடையை இவ்வளவு விரிக்கின்றன. அதனால் விடையை "2,000 முதல் 3,500 வரை, நடுமதிப்பு 2,700" என்று எழுதுங்கள். தசமப் புள்ளி வைத்து எழுதியிருந்தால், எழுதியவர் இந்தக் குலைப்பைச் செய்யவில்லை.

சுத்தமான மணல் படுகைக்கு 0.025 முதல் 0.035, பாறையும் புதரும் இருந்தால் 0.04 முதல் 0.05, கரைக்கு வெளியே வாழையும் வயலுமாக இருந்தால் 0.05-க்கு மேல். ஆற்றுப் பகுதியையும் வெளிப்படுகையையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். ஒரே பரப்பாக எடுத்தால் ஓட்டம் குறைந்து வரும். சரிவுக்கு வரைபடத்தை நம்பாமல், அதே வெள்ளத்தின் இரண்டு குறிகள் கிடைத்தால் அவற்றின் உயர வித்தியாசத்தை எடுங்கள்.

அணைக்கட்டு உச்சிக்கு மேல் உயரம் தெரிந்தால் இன்னும் எளிது: 1.7 × உச்சியின் நீளம் × உயரத்தின் ஒன்றரைப் படி. 250 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் என்றால் 1,200 கனமீட்டர். பெருவெள்ளத்தில் கீழ்ப்பக்கத் தண்ணீரும் உச்சியை மூடிவிட்டால் இந்தச் சமன்பாடு உடைந்துபோகும். விடை அளவுக்கு மீறி வரும். அப்போது மானிங்குக்குத் திரும்புங்கள்.

உங்கள் முறை சரியா என்று பார்க்க, அளந்த வெள்ளம் ஒன்றின் மேல் ஓட்டிப் பாருங்கள். 1992 நவம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் குறிகளும் உண்டு, அணைத் திறப்பு அளவுகளும் உண்டு. குறியை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, பதிவான ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். சொரசொரப்பு எண்ணை அந்த இடைவெளியை வைத்தே திருத்துங்கள்.

8. பட்டியலிலிருந்து நிகழ்தகவுக்கு

பாபநாசம் அணை 1940-களிலும் மணிமுத்தாறு 1958-லும் வந்தன. அவற்றுக்கு முந்தைய வெள்ளமும் பிந்தைய வெள்ளமும் ஒரே ஆற்றுடையவை அல்ல. இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள்.

பிறகு, எந்த மட்டத்துக்கு மேல் போனால் யாராவது கட்டாயம் எழுதியிருப்பார்கள் என்ற வாசலை முடிவு செய்யுங்கள். தரம் 1 வெள்ளங்கள் ஏட்டில் விட்டுப்போகும். ஆங்கில ஆட்சியில் கோப்புகள் பெருகியதால் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளம் அதிகமானதுபோல் தோன்றும். தரம் 3 மட்டும் எல்லாக் காலத்திலும் எழுத்தில் ஏறியிருக்கும். கணக்கை அதில் மட்டும் போடுங்கள். 150 வருஷத்தில் ஐந்து முறை வாசலைத் தாண்டியது என்று வைத்தால், சராசரி 30 வருஷத்துக்கு ஒன்று. ஆனால் ஐந்து என்ற சிறிய எண்ணின் 95 சதவீத எல்லை (உண்மைச் சராசரி எதற்குள் இருக்கலாம் என்ற புள்ளியியல் வரம்பு) 1.6 முதல் 11.7 வரை, அதாவது 13 வருஷத்துக்கு ஒரு முறையாகவும் இருக்கலாம், 92 வருஷத்துக்கு ஒரு முறையாகவும் இருக்கலாம். அந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே வெளியிடுங்கள். பாலம் கட்டுகிறவருக்கு 13 முக்கியம்.

ஏட்டில் எதுவும் இல்லாத வருஷங்களை "வெள்ளம் இல்லை" என்று எழுதுவதற்கு முன், அந்த வருஷத்தின் ஏடு இருக்கிறதா என்று பாருங்கள். கறையான் தின்ற பசலிக்கும் வெள்ளம் வராத பசலிக்கும் பட்டியலில் வேறு வேறு குறி போட வேண்டும்.